கண்முன் கிடப்பதை வரைதல்: விசுவமடுத் தங்கை ஒருவரின் கேள்விக்குப் பதில்

விசுவமடுப் பக்கத்தில் வசிக்கும் தங்கை ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். க.பொ.த. உயர்தரத்தில் சித்திரத்தையும் ஒரு பாடமாகப் படித்தவர். இப்போது வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். சமையலும் தையலும் ஓய்ந்து பகலில் அரை மணித்தியாலம் கிடைத்தால் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். "உட்கார்ந்தால் வரைய ஒன்றும் அகப்படுவதில்லை. குளம், வயல், மாடு, பனை என்று எதைத் தொட்டாலும் நாட்காட்டிப் படம்போல வருகிறது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களுக்குப் போய்ப் பார்க்கக் கண்காட்சிகள் இருக்கின்றன. எனக்கு இந்த வளவும் வேலியும் கிரவல் வீதியும்தான் இருக்கின்றன. வன்னியில் இருப்பவள் போரைத்தான் வரைய வேண்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?" என்பது அவருடைய கேள்வி. 30 ஆண்டுகள் பாடசாலைகளில் சித்திரம் படிப்பித்தவன் என்ற முறையில் இதே கேள்வியைப் பல பிள்ளைகளிடமிருந்து கேட்டிருக்கிறேன். இளவயதில் நானே என்னிடம் கேட்டுமிருக்கிறேன். ஆகையால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்த நாட்காட்டிப் படத்தை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் உங்கள் கேள்வியின் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. குளம் என்று நினைத்ததும் கை தானாக ஒரு நீள்வட்டத்தை இழுக்கிறது; பின்னால் ஒரு மரவரிசையை வைத்து, நடுவில் இரண்டு கொக்குகளை நிறுத்தி, மேலே சூரியனையும் எழுப்பிவிடுகிறது. அப்போது நீங்கள் குளத்தைப் பார்த்து வரையவில்லை. சிறுவயது முதல் பார்த்துப் பழகிய படங்களை நினைத்து வரைகிறீர்கள். இது உங்களுக்கு மட்டும் உள்ள குறை என்று எண்ண வேண்டாம். பயிற்சி பெற்ற கைக்குத்தான் இது இன்னும் எளிதாக நேர்கிறது. நான் 40 வயதைத் தாண்டும்வரை அப்படித்தான் வரைந்தேன்.

முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஒருநாள் பின்னேரம் நான் வரைந்துகொண்டிருந்தபோது, வாய்க்கால்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் பல காலம் இருந்து ஓய்ந்த ஐயா ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு என் தாளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தம்பி, இதிலை தண்ணி எந்தப் பக்கம் நிக்குது, வயல் எந்தப் பக்கம் கிடக்குது?" என்று கேட்டார். என் படத்தில் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. அவர் என்னைக் கட்டின் நடுவில் நிற்கச் சொல்லி இரு பக்கமும் பார்க்கச் சொன்னார். மார்கழி மாதம், குளம் நிறைந்திருந்தது. ஒரு கைப்பக்கம் தண்ணீர் ஏறக்குறைய என் காலடிக்கே வந்திருந்தது. மறு கைப்பக்கம் வயல் ஒரு வீட்டின் உயரத்துக்கும் மேலான பள்ளத்தில் கிடந்தது. தண்ணீர்ப் பக்கச் சரிவில் அலை அரிக்காதபடி கல் பதித்திருக்கிறார்கள், வயற்பக்கச் சரிவில் மண்ணைப் பிடித்து வைக்கப் புல்லை வளரவிட்டிருக்கிறார்கள், கட்டின்மேல் பெருமரம் எழும்ப விடுவதில்லை, ஏனெனில் வேர் போன வழியால் தண்ணீரும் போய்விடும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பல ஆண்டுகளாக நான் நடந்து திரிந்த கட்டு அது. உயரத்தில் நிற்கும் நீருக்கும் தாழ்வில் கிடக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு மண்வரி மட்டும் நின்று இரண்டையும் காத்துக்கொண்டிருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். அடுத்த நாள் வரைந்த படத்தில் கொக்கும் இல்லை, சூரியனும் இல்லை. தாளை நெடுக்காகப் பிளக்கும் ஒரு கட்டும், அதன் இரு பக்கத்தும் வெவ்வேறு உயரத்தில் இரண்டு வெளிகளும் மட்டும் இருந்தன. நான் வரைந்தவற்றில் முதன்முதலாக நாட்காட்டிக்குப் போகாத படம் அதுதான்.

இந்த அனுபவத்திலிருந்து நான் பெற்றுக்கொண்டதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது, அந்த வேலைக்காக அதன் உருவம் எப்படி அமைந்தது, அதோடு பழகுகிறவர்கள் அதன் ஒவ்வொரு உறுப்பையும் என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் தொடங்கினால், வரைவதற்கான தூண்டுதல் தேடாமலே வந்து சேர்கிறது. அழகாக இருக்கிறது என்று தூரத்தில் நின்று பார்க்கும்போது எல்லாக் குளமும் ஒரே குளம்தான். தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசு எங்கே இருக்கிறது, மிகுந்த நீர் வழிந்தோடும் வான் எந்தப் பக்கம் பாய்கிறது, தண்ணீர் வற்ற வற்ற நீர்விளிம்பான அலைகரையில் புல் எந்த வரிசையில் முளைத்து வருகிறது என்று தெரிந்தவருக்கு வவுனிக்குளமும் இரணைமடுவும் முத்தையன்கட்டும் வெவ்வேறு முகங்கள். பெயர் தெரியாத உறுப்பைக் கண் தாண்டிப் போய்விடும் என்பதை நான் என்னிடமே பலமுறை கண்டிருக்கிறேன். மாட்டுவண்டியை வரையும் பிள்ளைகளில் குடம், ஆரக்கால், நுகம், பூட்டாங்கயிறு என்று பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளையே சில்லைச் சரியாகப் பொருத்தி வரைந்தது.

நம்முடைய பழம்புலவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் இயற்பெயர் தெரியவில்லை. ஆகவே அந்தப் பாடலில் வந்த உவமையையே புலவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப் பெயனீராரை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவரை விட்டுவிட்டு மற்றவர்களின் பெயர்களைப் பாருங்கள்: ஓரேருழவனார், குப்பைக்கோழியார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார், தேய்புரிப் பழங்கயிற்றினார். ஒரே ஒரு ஏர் வைத்திருக்கும் உழவன், குப்பைமேட்டில் விலக்குவாரின்றிச் சண்டையிடும் கோழி, கல்லில் மோதி மெல்ல மெல்ல இல்லாமற்போகும் நுரை, இரண்டு யானைகள் இரு பக்கமும் இழுக்க அறப்போகும் தேய்ந்த பழங்கயிறு ஆகியவையே இந்தப் பெயர்களாயின. இவர்களில் ஒருவரும் அரிய காட்சியைத் தேடி எங்கும் போகவில்லை. ஓரேருழவனாரின் உவமையை நினைத்துப் பாருங்கள்: நிலத்தில் ஈரம் இருக்கும்போதே உழுதுவிட வேண்டும், இருப்பதோ ஒரே ஏர், அந்த உழவனின் பதற்றம்தான் காதலியிடம் திரும்ப நினைப்பவனின் நெஞ்சுக்கும் என்கிறார். முதல் மழை விழுந்ததும் உழவு இயந்திரத்துக்கு முறை வைத்துக் காத்திருக்கும் நம்மூர்க் கமக்காரரின் முகத்தில் அதே பதற்றத்தை இந்த ஐப்பசியிலும் நீங்கள் பார்க்கலாம். புலவருக்கு அந்தப் பதற்றத்தின் காரணம் தெரிந்திருந்தது. ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்பது தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் அவருக்கு அது காதலாகவும் தென்பட்டது.

அந்த வரிசையில் என் மனத்துக்கு மிகவும் நெருங்கியவர் அணிலாடு முன்றிலார். குறுந்தொகையின் 41ஆம் பாடல் அவருடையது. காதலர் அருகில் இருந்தால் விழாக் கொண்டாடும் ஊரைப்போல மகிழ்வேன், அவர் பிரிந்தாலோ மக்கள் விட்டுப்போன சீறூரில் முற்றத்தில் அணில் விளையாடும் வெறும் வீட்டைப்போல ஆகிவிடுவேன் என்று ஒரு பெண் தோழியிடம் சொல்கிறாள். 2010இல் மீள்குடியேற அனுமதி கிடைத்து எங்கள் வளவுக்குத் திரும்பியபோது கூரை இல்லாத வீட்டின் முற்றத்தில் என்னை முதலில் எதிர்கொண்டது அணில்தான். அதற்கு முன்னர் அந்தப் பாடலை நான் வகுப்பில் படித்திருந்தேன், பொருளும் சொல்லியிருந்தேன். அணில் ஏன் அங்கே வந்தது என்பதை அன்றைக்கே விளங்கிக்கொண்டேன். மனிதரும் நாயும் பூனையும் நடமாடும் முற்றத்தின் நடுவில் அது அப்படி ஆறுதலாக இருந்து கொறிக்காது. ஆளில்லை என்பதை அந்தப் புலவர் அழுது சொல்லவில்லை. அணிலை விளையாடவிட்டுச் சொல்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் ஒரு வெறும் முற்றத்தை நின்று கவனித்ததனால் எங்கள் முற்றத்துக்கும் ஒரு சொல் கிடைத்தது.

வன்னியின் நாட்டார் பாட்டுக்காரர்களும் இந்த வழியில்தான் போயிருக்கிறார்கள். பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு என்று நம்மிடம் பாட்டுகள் உண்டு. பயிரைக் கிளறி அழிக்கும் பன்றியும், கதிரில் வந்து விழும் குருவியும் அவற்றின் பாடுபொருள்கள். இரவில் காவற்கொட்டிலில் விழித்திருந்தவர்களுக்குப் பன்றியின் வழக்கம் தெரிந்திருந்தது. அதன் தந்திரத்தை வியக்கவும் தெரிந்திருந்தது. முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுத்தவர்களின் அம்பாப் பாட்டோ இழுவையின் தாளத்திலிருந்தே பிறந்தது. உடல் பின்னுக்குச் சாயும் கணமும் மூச்சு விடும் கணமும் அந்தப் பாட்டின் அடிகளாக அமைந்திருக்கின்றன.

இனி உங்கள் வீதிக்கு வருவோம். காலபோக அறுவடை முடியும் தை, மாசி மாதங்களில் தார் வீதியோரத்தில் நெல் காயப் போடுகிறார்கள் அல்லவா? ஏ9 வீதியில் போகும் பேருந்துப் பயணிகள் அதை ஒரு பொன்னிறப் பட்டையாகப் பார்த்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். நீங்கள் இறங்கி அருகில் நில்லுங்கள். நெல்லின் நடுவே ஒருவர் பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்து போவார். கால் சென்ற இடம் வாய்க்காலாகவும் இரு பக்கமும் வரம்பாகவும் நெல் ஒதுங்கும். அடியில் கிடக்கும் ஈரநெல் மேலே வருவதற்கும் வெயில் படும் பரப்புக் கூடுவதற்கும் செய்யும் வேலை அது. காலையில் வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு வரம்புக்கும் ஒரு நிழல் இருக்கும், ஆகவே வரிகள் ஆழமாகத் தெரியும். உச்சியில் நிழல் ஒடுங்கி நெற்பரப்பு முழுவதும் ஒரே மஞ்சளாகத் தட்டையாகிவிடும். பின்னேரம் நிழல் மறுபக்கத்துக்கு மாறி அதே வரிகள் வேறொரு படமாக எழும்பும். ஒரே நாளில், ஒரே இடத்தில், செலவில்லாமல் மூன்று படங்கள் கிடைக்கின்றன. இதை வரைவதற்கு நீங்கள் நெல்லை மணிமணியாக வரையத் தேவையில்லை. நிழலை மட்டும் வைத்தால் போதும், நெல் தானாகத் தோன்றிவிடும்.

ஒளியின் இந்த மாற்றத்தையே தம் பாடுபொருளாக எடுத்தவர் பிரான்சு நாட்டு ஓவியர் குளோட் மொனே. 1890, 1891ஆம் ஆண்டுகளில் அவர் ஜிவேர்னியில் தம் வீட்டுக்கு அருகிலிருந்த வயலில் நின்ற கதிர்ப்போர்களை ஏறக்குறைய 25 முறை வரைந்தார். காலை, மாலை, பனி, கோடை முடிவு என்று ஒவ்வொன்றிலும் ஒளி வேறு. அவற்றில் 15 படங்கள் 1891 மே மாதத்தில் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தமிழில் அவற்றை வைக்கோற்போர் என்று எழுதிவிடுகிறோம். அவை உண்மையில் இன்னும் கதிரடிக்காத கோதுமைக் கட்டுகளை அடுக்கியவை. நம்மூர்ப் பேச்சில் சொன்னால் அவை சூடு. சூடு வைத்து, பின்னர் மிதித்து நெல்லெடுத்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. வைக்கோற்போர் மாட்டுக்குத் தீனி. சூடு என்பது குடும்பத்தின் ஓராண்டுச் சோறு வெளியில் நிற்பது. மழைக்கும் நெருப்புக்கும் அஞ்சிக் காவல் இருக்க வேண்டிய ஒன்று. மொனேயின் படங்களை அவ்வாறு பார்த்தபோது அந்தக் கதிர்ப்போர்கள் ஏன் அவ்வளவு கனத்தோடு நிற்கின்றன என்பது எனக்கு விளங்கியது. இப்போது நம்மிடம் சூடு வைப்பது அருகிவிட்டது. அறுவடை இயந்திரம் ஒரே ஓட்டத்தில் நெல்லைப் பிரித்துவிட்டு வைக்கோலை வரிசையாக விட்டுச் செல்கிறது. இல்லாமற்போன சூட்டை நினைவிலிருந்து வரைந்துகொண்டிருக்காதீர்கள். இயந்திரம் கிளப்பும் தூசிப் புகையையும், அதன் பின்னே துவாயால் முகத்தைச் சுற்றிக்கொண்டு சாக்குப் பிடித்து நிற்பவர்களையும் வரையுங்கள். அதுவே உங்கள் காலத்து வயல்.

ஆயினும், தங்கை, உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என் கவனம் வேறொன்றில் நின்றது. குளம், வயல், மாடு, பனை என்று எழுதினீர்கள். வளவையும் வேலியையும் எழுதினீர்கள். நாள் முழுவதும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் தையல் மெசினைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அது ஓவியத்துக்குரிய பொருள் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை உங்கள் வீட்டில் மிகுந்த வளமுள்ள இடம் அதுதான்.

சட்டைக்கு அளவெடுத்துப் பழைய பத்திரிகைத் தாளில் வெட்டி வைக்கும் அச்சுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு கையின் அச்சைத் தரையில் விரித்தால் அது கையைப்போலவே இருப்பதில்லை. மேலே மணியைப்போல வளைந்து, கீழே நேராக, ஏதோ ஒரு மலையின் கோடுபோலக் கிடக்கிறது. தோளின் உருண்டையை ஒரு தட்டைத் துணி சுற்றிக்கொள்ள வேண்டும் என்பதனால் அந்த வளைவு வந்தது. உடல் இல்லாமலே உடலைச் சொல்லும் கோடு அது. ஓர் ஓவியர் பல ஆண்டுகள் பயின்று பெற விரும்பும் அறிவு உங்கள் கத்தரிக்கோலில் ஏற்கெனவே இருக்கிறது. வெட்டிய பின் எஞ்சும் துண்டுகளையும் பாருங்கள். சட்டை போன பிறகு சட்டையைச் சுற்றியிருந்த வெளி மட்டும் துணியாக மீந்திருக்கிறது. பொருளை விட்டுவிட்டு அதைச் சூழ்ந்த வெளியை வரையுங்கள் என்று நான் மாணவருக்குப் பல நாள் விளக்கியும் விளங்காத பாடம், உங்கள் காலடியில் குவிந்து கிடக்கிறது. ஊரில் யார் மெலிந்தார், யார் பிள்ளை வளர்ந்தது, யாருடைய வெள்ளைச் சட்டை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்பதெல்லாம் உங்கள் அளவுக் கொப்பியில் இருக்கின்றன. பெயர்களை வெளியில் விடாமல், அந்த எண்களின் பக்கத்தையே ஒரு படமாக வரைந்து பார்க்கலாம்.

வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்களால் பெரிய கலை செய்ய முடியாது என்ற எண்ணம் உங்களிடம் இருந்தால், இத்தாலியின் பொலோனா நகரத்து ஜோர்ஜியோ மொராண்டியை (1890–1964) நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தம் சகோதரிகளுடன் ஒரே வீட்டில் வாழ்ந்து, படுக்கையறையாகவும் இருந்த ஓர் அறையில், அதே போத்தல்களையும் சாடிகளையும் கிண்ணங்களையும் பத்தாண்டுகள் பலவாக இடம் மாற்றி மாற்றி வைத்து வரைந்தார். ஒரு போத்தலுக்கும் அடுத்த போத்தலுக்கும் நடுவேயுள்ள இடைவெளி ஒரு விரற்கடை மாறினால் படம் முழுவதும் மாறிவிடுகிறது என்பதைக் காட்டியவர் அவர். உங்கள் குசினியில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியும் சுளகும் பால்மா ரின்னும் இருக்கின்றன. அவற்றை மூன்று மாதம் தொடர்ந்து வரைந்தால் முதல் 10 படங்கள் சலிப்பாகவே இருக்கும், அதை நான் மறைக்கமாட்டேன். அதன் பிறகுதான் சுளகின் பின்னலில் ஓலை எங்கே மேலேறி எங்கே கீழிறங்குகிறது என்பதைக் கண் தொடரத் தொடங்கும். ஒரு பொருளை மாற்றாமல் வைத்திருப்பதே இங்கே முக்கியம். ஒவ்வொரு நாளும் புதுப் பொருளைத் தேடுபவர் ஒவ்வொரு நாளும் முதற்படியிலேயே நிற்கிறார்.

உங்களுக்குக் கிடைக்கும் அரை மணித்தியாலம் குறைவன்று. அதை ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளப் பாருங்கள், ஏனெனில் அப்போது ஒளி ஒரே இடத்தில் இருக்கும். கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பின்னர் பார்த்து வரைவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். கமரா எல்லாவற்றையும் ஒரே அளவாகப் பார்க்கும், உங்கள் கண் எதில் தங்கியது என்பது அதில் அழிந்துவிடும். அழிறப்பரையும் விலக்கிவிடுங்கள். பிழைத்த கோட்டுக்குப் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். உங்கள் கண் எப்படித் திருந்தியது என்பதைப் பிறகு அந்த இரண்டு கோடுகளும் உங்களுக்குச் சொல்லும்.

போரைத்தான் வரைய வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதை மிகுந்த பொறுப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. வரைந்தே தீர வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை. வரையக் கூடாது என்று தடுக்கவும் உரிமையில்லை. என்னுடைய கருத்து என்னவென்றால், தலையறுந்த பனையும் முட்கம்பியும் அழும் தாயும் இப்போது குளமும் கொக்கும் போலவே நாட்காட்டிப் படங்களாகிவிட்டன. துயரத்தைப் பார்த்து வரையாமல், துயரத்தைப் பற்றிய படங்களை நினைத்து வரைகிறோம். அன்றாடப் பொருளை அதன் வேலையோடு அறிந்து வரைந்தால், நம் மண்ணில் நடந்தது அதற்குள் இருந்து தானாகவே வெளிப்படுகிறது. நெல் வரிகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? போரில் ஒரு காலை இழந்து செயற்கைக் கால் பொருத்திய ஒருவர் காயப்போட்ட நெல்லை ஒருமுறை பார்த்தேன். ஒரு வரி ஆழமாகவும் அடுத்த வரி மேலோட்டமாகவும் மாறி மாறி வீதியின் நெடுகிலும் ஓடியிருந்தன. அவர் அப்போது அங்கே இல்லை, சாப்பிடப் போயிருந்தார். அந்த வரிகளை நான் நின்று வரைந்தேன். அதில் போர் என்று எழுத ஒன்றும் இருக்கவில்லை.

உங்கள் தையல் மெசினுக்கும் அப்படியொரு நினைவு உண்டு. 2009இல் கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டியவர்களுக்குச் சாக்குகள் கிடைக்கவில்லை. பெண்கள் தங்கள் சேலைகளை வெட்டித் தைத்து அதில் மண்ணை நிரப்பி அடுக்கினார்கள். கூறைச் சேலையும் அதில் இருந்தது. அந்தத் தையலைப் போட்ட கைகள் இன்னும் நம் ஊர்களில் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை தைத்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மே 18ஆம் திகதியும் நாம் குடிக்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சியும் இதே இயல்புடையதுதான்: அரிசி, தண்ணீர், உப்பு, கையில் ஒரு சிரட்டை. எந்தக் குசினியிலும் உள்ள பொருள்கள் ஒரு மக்களின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. அந்தச் சிரட்டையின் உட்புறத்தை, விளிம்பில் ஒட்டிய கஞ்சியின் வெண்மையோடு, பொறுமையாக வரைந்தால் அது போதுமானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்களைத் தாங்கள் இழந்த வீடுகளின் தரைப்படங்களை நினைவிலிருந்து வரையச் செய்து, அவற்றுக்குத் தம் ஓவியங்களைச் சேர்த்து 2011இல் நூலாக்கினார். காணிப் பதிவேட்டைக் குறிக்கும் தோம்பு என்ற சொல்லை அதன் தலைப்பில் வைத்தார். கிணறு எங்கே, குசினி எங்கே, முற்றத்து மாமரம் எங்கே என்று ஒருவர் நடுங்கும் கையால் இழுக்கும் கோட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த வேலை காட்டுகிறது. உங்கள் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ ஒரு தாளைக் கொடுத்துப் பழைய வீட்டை வரைந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். சிலருக்கு அந்த வாசல் திறக்கக் காலம் வேண்டும்.

2009இல் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளத்து முகாமில் இருந்த மாதங்களில் என்னிடம் ஒரு பென்சில் துண்டும் பெட்டி மட்டைகளும் மட்டும் இருந்தன. எந்நேரமும் கண்முன் இருந்தது தலைக்கு மேலிருந்த வெள்ளைத் தறப்பாள். அதன் மடிப்புகளில் ஒளி எப்படித் தேங்குகிறது என்பதை மட்டும் வரைந்துகொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றும் இப்போது என்னிடம் இல்லை. மங்கலுக்குள் இருக்கும் வேறுபாடுகளைப் பார்க்கப் பழகிய கண் மட்டும் எஞ்சியிருக்கிறது. பின்னாளில் வற்றிய குளத்தின் சேற்று வெடிப்புகளை நான் வரைய முடிந்தது அதனால்தான். அந்த வெடிப்புகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு: முதன்முறையாகக் காயும் சேற்றில் ஒரு வெடிப்பு மற்றொன்றைப் பெரும்பாலும் செங்கோணத்தில் போய்த் தொடும், நனைந்தும் காய்ந்தும் பல சுற்றுக் கண்ட சேற்றிலோ மூன்று வெடிப்புகள் ஒரு புள்ளியில் ஏறக்குறைய 120 பாகை இடைவெளியில் சந்திக்கும். அலைகரையில் குந்தியிருந்து பார்த்தால் எது புதுச் சேறு, எது பழஞ்சேறு என்று கோணத்தைக் கொண்டே சொல்லலாம்.

கடைசியாகப் பொருட்செலவு. வர்ணப் பெட்டி வாங்க முடியவில்லை என்று நீங்கள் எழுதாவிட்டாலும், எழுத விரும்பாமல் விட்டிருக்கலாம் என்று எண்ணுகிறேன். இந்திய ஓவியர் நந்தலால் போஸ் 1938இல் குஜராத்தின் ஹரிபுராவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்காக உழவர், தச்சர், பறையடிப்போர், நெல் குற்றும் பெண்கள் என்று ஊர்வாழ்வை வரைந்த புகழ்பெற்ற தட்டிகளுக்குக் கையால் செய்த தாளையும் மண்வர்ணங்களையுமே பயன்படுத்தினார். நம் நிலத்தில் வர்ணத்துக்குக் குறைவில்லை. இரும்பு ஒட்சைட்டு நிறைந்த செம்மண், கிரவலின் காவி, வயற்களியின் சாம்பல் நிறம் என்று சில கிலோமீற்றருக்குள் எல்லாம் கிடைக்கின்றன. மண்ணை இடித்துத் தண்ணீரில் கரைத்துச் சற்று நேரம் விடுங்கள். மணல் முதலில் அடியில் தங்கும். மேலே கலங்கிய நீரை வேறொரு பாத்திரத்துக்கு வார்த்து ஓரிரவு விட்டால் நுண்ணிய படிவு கிடைக்கும். அதைத் துணியில் வடித்து உலர்த்திப் பொடியாக்கி, தண்ணீரில் ஊறவைத்த விளாம்பிசினோடு குழைத்தால் தாளில் ஒட்டும் வர்ணம் ஆயத்தம். கரிக்கோல் வேண்டுமானால் விரற்பருமனுக்குக் குறைந்த நேரான மென்மரச் சுள்ளிகளைத் தோல் சீவி, பால்மா ரின்னுக்குள் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு சிறு துளை மட்டும் இட்டு இறுக மூடி, அடுப்பு நெருப்பில் வையுங்கள். துளையால் வரும் புகை நின்றதும் எடுத்து, முற்றாக ஆறும்வரை திறவாமல் விடுங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப்பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும்.

மண்ணை மட்டும் ஐப்பசி மழைக்கு முன்னரே எடுத்து உலர்த்தி வையுங்கள். மழை பிடித்துவிட்டால் தை பிறக்கும்வரை உலர்ந்த மண் கிடைப்பது கடினம். அதுவரையில் நீங்கள் வெட்டி வைத்திருக்கும் அச்சுத் தாள்களில் ஒன்றைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, பின்னேர வெயில் அதன்மேல் விழும் நேரத்தில் வரையத் தொடங்குங்கள்.